கை உயர்ந்தால் உட்கார வேண்டும்

புல்வெளியின் பள்ளங்களில் மழைத் தண்ணீர் இன்னும் நின்றது. வெயில் ஏறினால் அது வற்றிவிடும், வாத்துகளும் போய்விடும். அதனால்தான் இன்றைக்கே போய் அவற்றைப் பார்க்க வேண்டும் என்று கண்ணாடிக் கடைக்காரர் பிடிவாதம் பிடித்தார். மாரடைப்பு வந்து, ஆஸ்பத்திரியிலிருந்து போன மாதம்தான் திரும்பியவர்.

"மெல்ல நடக்கலாம்னு டாக்டரே சொல்லிட்டார்."

"அப்போ நானும் வரேன்" என்றாள் மனைவி. பறவைகள்மேல் அவளுக்கு ஆசை கிடையாது. அவரை முழுசாக வீட்டுக்குத் திருப்பிக் கூட்டி வர வேண்டும், அவ்வளவுதான்.

இடுப்பளவு புல்லில் அவர் முன்னால் போனார். கொஞ்சம் தள்ளி அவர் தம்பி, அவனுக்குப் பின்னால் அவள். அண்ணன் தம்பிக்குள் பழைய ஏற்பாடு ஒன்று உண்டு. முன்னால் போகிறவர் கையை உயர்த்தினால் எதையோ பார்த்துவிட்டார் என்று அர்த்தம். மற்றவர்கள் இருந்த இடத்திலேயே உட்கார்ந்துவிட வேண்டும். அவர் எழும்வரை பேச்சுமூச்சு கூடாது.

"இந்தச் சேறு ஏழு தண்ணியில அலசினாலும் போகாது" என்றாள்.

"அண்ணி, நீங்க இப்படிப் பேசிட்டே வந்தா ஒரு காக்காகூடக் கண்ணுல படாது."

"காக்காயைப் பார்க்க இவ்வளவு தூரம் எதுக்கு? நம்ம மாடியிலயே உக்காந்திருக்குமே."

முன்னால் போனவர் திரும்பாமலே சிரித்தார். "அந்த ரேடியோவை யாராவது நிறுத்துங்கப்பா."

"மூச்சு வாங்குதா உங்களுக்கு?"

இல்லை என்று தலையாட்டினார்.

தண்ணீர் பளபளத்த இடத்துக்கு அருகே அவர் கை உயர்ந்தது. ஒரு மண்மேட்டில் சாய்ந்து மெதுவாக உட்கார்ந்தார். புல்லுக்கு மேலே தொப்பி மட்டும் தெரிந்தது.

தம்பி சட்டென்று உட்கார்ந்தான். அவள் வாய் திறக்குமுன் உதட்டில் விரல் வைத்தான். அவருக்கு இருப்பது இந்த ஒரு சந்தோஷம், இன்றைக்காவது கெடுக்க வேண்டாம் என்று அவளும் ஈரத்தில் உட்கார்ந்தாள். புல்லோடு புல் உரசும் ஓசை கேட்டது. எங்கோ ஒரு தவளை. இத்தனை வருஷமாக இவர் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தானா? வீட்டுக்குப் போனதும் அவரிடம் சொல்ல வேண்டும். அப்படியே இருந்தாள். வெகு நேரம் அப்படிப் போயிற்று.

திடீரென்று தண்ணீரிலிருந்து வாத்துக் கூட்டம் எழுந்தது. வானம் முழுக்கச் சிறகுகள். தம்பி வாயைப் பிளந்து அண்ணாந்தான். அவள் வானத்தை விட்டுவிட்டுக் கணவர் பக்கம் திரும்பினாள்.

தொப்பி அசையவில்லை. அத்தனை பறவைகள் தலைக்கு மேல் போயும் அவர் நிமிரவில்லை.

"ஏங்க!"

"அண்ணி, உஷ்..."

அவள் சேற்றில் விழுந்து எழுந்து ஓடினாள். அவர் கண்கள் பாதி திறந்திருந்தன. ஒரு கை சட்டையை நெஞ்சோடு கசக்கிப் பிடித்திருந்தது. உலுக்கினாள். தலை அவள் தோளில் சரிந்தது.

தம்பி வந்து நின்றான். நாடியைத் தொட்டுத் தேடினான். பிறகு கையை எடுத்துவிட்டான். "எதையோ பார்த்துட்டார்னுதானே அண்ணி..."

அவள் அந்தக் கை விரல்களைச் சட்டையிலிருந்து ஒவ்வொன்றாக விடுவித்தாள்.

"கூப்பிட்டிருக்கார்டா. நாம உக்காந்துட்டோம்."