தையல்காரர் வீட்டு வண்டியை நிறுத்தாமல் பழுது பார்த்தது

அன்று பிற்பகல் அந்த முன்னறையில் இருந்தவர்கள் நான்கு பேர். இதயம் நின்று ஏழு ஆண்டுகள் ஆகியிருந்த தையல்காரர் ஜன்னலோரத்தில், தையல் எந்திரத்தின் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். அவர் மனைவி துணி வெட்டும் மேசையின் விளிம்பில், ஒரு கால் தரையிலும் ஒரு கால் அந்தரத்திலுமாக ஒட்டிக்கொண்டிருந்தாள். வாடிக்கையாளர்களுக்காகப் போட்டிருந்த பெஞ்சில், மாடியில் குடியிருக்கும் ஓய்வுபெற்ற டைப்பிஸ்ட் அம்மாள், பாதித் தூக்கத்தில் எழுந்து வந்த முகத்தோடு இருந்தார். மனைவியின் அண்ணன், பழைய வண்டிகளுக்குப் பேர்போன மெக்கானிக், எங்கும் உட்காரவில்லை. பையைக் கீழே வைக்காமல் கதவை ஒட்டி நின்றார். இவர்கள் நடுவே, இரட்டைச் சிலிண்டர் மோட்டார் சைக்கிள் ஒன்று ஸ்டாண்டில் நின்றபடி ஓடிக்கொண்டிருந்தது. ஏழு ஆண்டுகளாக அது அப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு விட்டுவிட்டு ஓடியது.

நடந்தது இதுதான். பித்தான் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், தெரு திரும்பும் இடத்தில், தையல்காரருக்கு இதயம் நின்றுவிட்டது. வண்டி நிற்கவில்லை, ஆகவே அவரும் வீடு வந்து சேர்ந்தார். வண்டியை ஓடவிட்டபடியே இறங்கி, பித்தான் பொட்டலத்தை மனைவியிடம் கொடுத்து, நெஞ்சுக்குள் யாரோ கடையைச் சாத்தின மாதிரி இருக்கிறது என்று சொல்லித் தண்ணீர் கேட்டார். வந்த டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துப் பார்த்தார், முதுகில் வைத்துப் பார்த்தார், கடைசியில் எதற்கும் இருக்கட்டும் என்று பெட்ரோல் டேங்கின்மேல் வைத்துப் பார்த்து, “இங்க இருக்கு. நல்லாத்தான் இருக்கு” என்றார். மருந்துச் சீட்டில் பெட்ரோல் என்றும் ஆயில் என்றும் எழுதி, கலந்து, காலை மாலை இருவேளை என்று குறித்துக் கொடுத்தார். அந்த வாரமே, ஆள் தூங்கும்போது வண்டி எதற்கு வீணாக ஓட வேண்டும் என்று மனைவி சாவியைத் திருப்பிவிட்டாள். மூச்சும் கூடவே நின்றது. டாக்டரும் அண்ணனும் மாறிமாறி உதைத்து, வேர்த்து விறுவிறுத்து, ஒருவழியாக வண்டியைக் கிளப்பினார்கள். தையல்காரர் திரும்பி வந்தார். அவருடைய மோப்பம் மட்டும் திரும்பி வரவில்லை. நாள் முழுக்கப் பெட்ரோல் வாடை அடிக்கும் வீட்டில் அதை யாரும் நஷ்டமாக நினைக்கவில்லை. ஆனால் அடுத்த முறை ஆளே வராமல் போகலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து அந்தச் சாவியை ஒருவரும் தொடவில்லை.

மற்றபடி குடும்பம் எல்லாக் குடும்பங்களையும்போல நடந்தது. சைலன்சரிலிருந்து ஒரு தகரக் குழாய் சுவரைத் துளைத்து வெளியே போனது. எஞ்சினுக்கு எதிரில் மேசை மின்விசிறி ஒன்று சுழன்றது. புகையைப் பற்றி விசாரிக்க வந்த சுகாதார அதிகாரி இரண்டு சட்டைக்கு அளவு கொடுத்துவிட்டுப் போனார். இரைச்சல் தாங்கவில்லை என்று முதல் வருஷம் முழுக்கச் சண்டை பிடித்த டைப்பிஸ்ட் அம்மாள், தங்கை வீட்டுக்குப் போன இடத்தில் நிசப்தத்தில் தூக்கம் வராமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிவிட்டார். வண்டிச் சத்தம் கேட்கும் தூரம்வரைக்கும்தான் தையல்காரரால் நடக்க முடிந்தது. அது தெருவின் கடைசிக் கடைவரை. காற்று வாகாக அடிக்கிற நாளில் அடுத்த தெருவில் ஒரு கடை கூடுதல்.

முதல் இரண்டு வருஷம் வண்டியைப் பார்த்துக்கொண்டவர் அண்ணன்தான். ஒருநாள், எஞ்சினைத் துடைத்துக்கொண்டே, தையல்காரர் காது பட, “சாவியத் திருப்பிரும்மா. கயித்துல கட்டின மாதிரி ஒரு தெருவுக்குள்ளயே கெடக்கறாரு. இதெல்லாம் ஒரு வாழ்க்கையா?” என்றார். அவள் அவருடைய பையை எடுத்து வாசலில் வைத்தாள். அதற்குப் பிறகு ஐந்து வருஷம் அவர் அந்தத் தெரு வழியாகப் போகவில்லை, சுற்றிக்கொண்டுதான் போனார். தையல்காரர் மட்டும், மச்சான் கேட்டதில் தப்பென்ன என்று மனைவியிடம் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கோளாறு முதலில் தையலில் தெரிந்தது. ஒரு கால்சட்டையின் ஓரத்தில் நாலு விரற்கடைக்கு ஒரு தையல் விட்டுப்போயிருந்தது. நூல் மட்டம் என்றார் தையல்காரர். அவளுக்கு அப்படித் தோன்றவில்லை. காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். வண்டி எண்ணி எண்ணி அடித்துக்கொண்டே வந்து திடீரென்று ஓர் எண்ணை விழுங்கியது. அப்போது அவர் கத்தரிக்கோலைப் பிடித்தபடி ஒரு கண்ணிமைப்பு நேரம் சுவரில் மாட்டிய சட்டைபோல் ஆகி, மறுபடி ஆளானார். காலையில் பெட்ரோல் ஊற்றியதும் தெம்பாக இருப்பார்; வெயில் ஏற ஏறக் குரல் இறங்கும். இதில் எதுவும் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை. ஊரில் இருந்த புதுக்கடை மெக்கானிக்குகளில் ஒருவர் இந்தக் காலத்து வண்டிதான் தெரியும் என்று கையை விரித்தார். இன்னொருவர் வந்து, “மொதல்ல ஆஃப் பண்ணுங்க, பாக்கலாம்” என்றார். அவரை அவள் கதவைக் காட்டி அனுப்பினாள். பிறகு, வேறு வழியில்லாமல், அண்ணனின் பட்டறை வாசலில் போய் நின்று, “வண்டி விட்டுவிட்டு அடிக்குது” என்றாள். அவர் கையை மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டு பையை எடுத்தார்.

இப்போது அந்தப் பையைக் கீழே வைத்தார். தையல்காரர், “வாங்க மச்சான், உக்காருங்க” என்றார். மச்சான் உட்காராமல் வண்டியின் பக்கத்தில் குந்தினார்.

“பொறியா, பெட்ரோலா, ரெண்டுல ஒண்ணு. பொறிய மொதல்ல பாப்போம்” என்று பொதுவாகச் சொல்லிவிட்டு, ரப்பர் கைப்பிடி போட்ட குறடால் இடப்பக்கத்துப் பிளக்கின் தொப்பியைக் கழற்றினார். வண்டி ஒற்றைக் காலில் நொண்டியது. தையல்காரரின் இடது கை மடியிலிருந்து நழுவித் தொங்கியது, இடது கண் அசையாமல் நின்றது. தொப்பியிலிருந்து நீலப் பொறி சட்டுச் சட்டென்று எஞ்சின் உடம்புக்குத் தாவியது. நல்ல பொறி. தொப்பியை மாட்டியதும் கை மடிக்குத் திரும்பியது. வலப்பக்கம் கழற்றியபோது தையல்காரர், “மச்சான், பட்டறை எல்லாம்” என்று ஏதோ கேட்க ஆரம்பித்து, பாதி வாயோடு நின்றுபோனார். அங்கும் பொறி நன்றாகவே இருந்தது. மாட்டினார். “எப்படிப் போகுது?” என்று தையல்காரர் முடித்தார். “போகுது மாப்ளே” என்றார் மச்சான். ஐந்து வருஷத்தில் இருவரும் பேசிக்கொண்டது அவ்வளவுதான். அடுத்து, பொறியை நேரம் பார்த்து விடுகிற பாயிண்ட்டின் மூடியைத் திறந்து கண்ணை ஒட்டிப் பார்த்தார். பாயிண்ட்டுகள் தேய்ந்திருந்தன, ஆனால் வேலை செய்தன. கண்டென்சர் போயிருந்தால் அங்கே தீப்பொறி சிதறும், சிதறவில்லை.

“பெட்ரோல்தான். கார்புரேட்டரைக் கழட்டணும்.”

“கழட்டினா நிக்குமே” என்றாள் அவள்.

“நிக்காம நீ பாத்துக்கோ.”

இஸ்திரி போடும்போது துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற பாட்டிலைக் கேட்டார். தண்ணீரைக் கொட்டி, உலரத் துடைத்து, பெட்ரோல் கலவையை ஊற்றி அவள் கையில் கொடுத்தார். காற்று வடிகட்டியைக் கழற்றிவிட்டு, கார்புரேட்டரின் திறந்த வாயைக் காட்டினார். சத்தம் இறங்குகிறபோதெல்லாம் அதற்குள் ஒரு தெளிப்பு. டைப்பிஸ்ட் அம்மாளிடம் டார்ச்சைக் கொடுத்தார். அந்த அம்மாள், “எனக்குக் கை நடுங்கும்ப்பா” என்றார். “நடுங்கட்டும், வெளிச்சம் விழுந்தா போதும்” என்றார் அவர். பெட்ரோல் குழாயின் டேப்பை மூடினார். கார்புரேட்டரின் அடியிலிருந்த கிண்ணத்தின் திருகுகளைத் தளர்த்தத் தொடங்கினார்.

அதிலிருந்து தையல்காரரின் உயிர் அவருடைய மனைவியின் ஆள்காட்டி விரலில் இருந்தது. அவள் அழுத்தினால் அவர் மூச்சு விட்டார். பயத்தில் இரண்டு தெளிப்பு சேர்ந்து போனபோது அவர் முகம் ஜிவுஜிவு என்று சிவந்து, கல்யாணமான புதிதில் பேசியதுபோலக் கடகடவென்று பேசத் தொடங்கினார். “கூடக் குடுக்காதம்மா, தல சுத்துது” என்றார். குறைத்தால் உதடு சாம்பல் பூத்தது. அவள் அவரைப் பார்க்கவில்லை. பார்த்தால் விரல் தப்பிவிடும் என்று தெரிந்து, சத்தத்தை மட்டும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

கிண்ணம் கழன்று வந்தது. அதில் கசடு இருக்கும், பெட்ரோல் ஏறும் சிறு துளையான ஜெட்டில் அடைப்பு இருக்கும் என்றுதான் மெக்கானிக் நினைத்திருந்தார். கிண்ணம் துடைத்து வைத்ததுபோல் இருந்தது. அடியில் ஒரு மூடி அளவுக்கும் பெட்ரோல் இல்லை. ஜெட்டை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். துளை தெளிவாகத் தெரிந்தது. மிதவையை விரலால் ஏற்றி இறக்கினார். ஒழுங்காக ஏறியது, இறங்கியது. அவர் நெற்றியில் முதல்முறையாக வேர்த்தது. எல்லாவற்றையும் மாட்டி டேப்பைத் திறந்து, “நிறுத்து, தானா ஓடுதா பாப்போம்” என்றார். வண்டி நாலைந்து மூச்சு ஓடித் தணிந்தது. “அடி, அடி” என்றார். அவள் அடித்தாள். பாட்டிலில் பாதிக்குக் கீழே வந்துவிட்டது. குழாயை உருவிப் பார்த்தார். கயிறுபோல் இறங்க வேண்டிய பெட்ரோல் நூலாகி, சொட்டாகி, நின்றது. டேங்கைத் தட்டினார். பாதிக்கு மேல் இருந்தது. தளும்பும் சத்தம்கூடக் கேட்டது. இருக்கிற பெட்ரோல் இறங்க மாட்டேன் என்றது. அவர் குழாயை மாட்டிவிட்டுக் கையைத் தொங்கப்போட்டுக்கொண்டு எழுந்து நின்றார்.

பாட்டில் காற்றைத் துப்பியது. அவள் சாய்த்துப் பிடித்து அழுத்தினாள். கடைசித் துளிகள் போயின. சத்தம் இறங்கியது. டைப்பிஸ்ட் அம்மாள் டார்ச்சை மடியில் போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

“மச்சான்,” தையல்காரர் குரல் அடுத்த அறையிலிருந்து வருவதுபோல் வந்தது, “முடியலன்னா விட்டுருங்க. வருத்தமில்ல.”

மெக்கானிக் அவரைப் பார்த்தார். பிறகு, ஏதோ முடிவுக்கு வந்தவரைப்போல, டேங்கின் பக்கமாகக் கையை நீட்டினார். சாவியும் அந்தப் பக்கம்தான் இருந்தது. அவள் பாட்டிலைப் போட்டுவிட்டு அவர் மணிக்கட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

“கைய எடு.”

“மாட்டேன்.”

“ஏய், கைய எடுங்கறேன்.”

“நீ இதுக்குத்தான வந்த? அஞ்சு வருஷமா இதுக்குத்தான காத்துட்டிருந்த?”

வண்டி ஓர் எண்ணை விழுங்கியது. இன்னோர் எண்ணையும் விழுங்கியது. தையல்காரர் எந்திரத்தின்மேல் சாய்ந்தார். சாய்ந்தபடியே, உதடு மட்டும் அசைய, “விடும்மா” என்றார். எதை விடச் சொன்னார் என்று அவளுக்கு விளங்கவில்லை. எதுவாக இருந்தாலும் சொன்னவர் அவர். அவள் விட்டாள்.

மெக்கானிக் சாவியைத் தாண்டிக் கையைக் கொண்டுபோய் டேங்கின் மூடியைப் பிடித்துத் திருகினார். வெகுநேரம் தண்ணீருக்குள் இருந்தவன் வாய் திறந்து இழுப்பதுபோல டேங்க் காற்றை உள்ளே இழுத்தது. பெட்ரோல் குழாயில் குபுகுபுவென்று இறங்கும் சத்தம் கேட்டது. வண்டி ஒரு முறை இருமி, இரண்டு முறை இருமி, பிடித்துக்கொண்டது. அதன் பிறகு ஓர் எண்ணையும் விடவில்லை. தையல்காரர் நிமிர்ந்து உட்கார்ந்து, விட்ட இடத்திலிருந்து துணியைத் தேடினார்.

மெக்கானிக் மூடியைக் கவிழ்த்துப் பார்த்தார். அதன் நடுவில் ஊசி முனை அளவுக்கு ஒரு துளை இருக்கும். பெட்ரோல் இறங்க இறங்க அதன் வழியாக டேங்குக்குள் காற்று போகும். அந்தத் துளை இருந்த இடத்தில் மஞ்சளாக ஏதோ பூசியிருந்தது. நகத்தால் சுரண்டி மோந்து பார்த்தார். நூலுக்குத் தடவுகிற மெழுகு.

“இது யாரு வேல?”

அவள் முந்தானையால் கையைத் துடைத்தாள். “சட்டையெல்லாம் பெட்ரோல் நாத்தம் அடிக்குதுன்னு ஆளுங்க திருப்பிக் கொண்டாந்தாங்க. அந்த ஓட்டை வழியாத்தான் வாடை வந்துச்சு. அதான் போன வாரம் அடைச்சேன்.”

“ஆள மூக்கப் பொத்திட்டு, ஏன் மூச்சு விடலன்னு ஊரெல்லாம் வைத்தியர் தேடியிருக்க.”

“எனக்கென்ன தெரியும்? அவருக்கு மூக்கு வேல செய்யாது, நான்தான பாக்கணும்.” சொல்லிவிட்டுத்தான் அவளுக்கு அழுகை வந்தது. காலையில் மூடியைத் திறந்து பெட்ரோல் ஊற்றும்போதெல்லாம் அவர் தெளிந்தது பெட்ரோலால் அல்ல, உள்ளே போன காற்றால் என்பது அப்போதுதான் புரிந்தது. தையல்காரர் ஊசி ஒன்றை எடுத்து நீட்டினார். மச்சான் துளையைக் குத்தித் திறந்து, மூடியை மாட்டி, வண்டியைக் கொஞ்ச நேரம் கேட்டார். பிறகு யாரும் சொல்லாமலே பெஞ்சில் டைப்பிஸ்ட் அம்மாளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். அந்த அம்மாள் அதற்குள் உட்கார்ந்தபடியே தூங்கியிருந்தார்.

பாயிண்ட் தேய்ந்திருப்பதை மறக்கக் கூடாது என்றார் மெக்கானிக். இந்த வண்டிக்கான பாயிண்ட் வேறோர் ஊரில் ஒரே ஒரு கடையில்தான் கிடைக்கும். அந்தக் கடைக்காரர் கடிதத்துக்கு மட்டும்தான் மதிப்புக் கொடுப்பார். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு, வெட்டுமேசையில் துணியை ஒதுக்கிக் காகிதத்தை வைத்தாள். ஐயா அவர்களுக்கு வணக்கம், நலம், நலமறிய ஆவல் என்று தொடங்கி, வண்டியின் வகையை எழுதி, என்ன உபயோகத்துக்கு என்பதையும் எழுத வேண்டும் என்று அண்ணன் சொன்னதால், வீட்டுக்காரர் உபயோகத்துக்கு என்று எழுதினாள்.

“எத்தன செட்?”

“ஒரு செட்ட ரெண்டு வருஷத்துல மாத்திடணும்” என்றார் அவர். தையல்காரரை ஒருமுறை பார்த்தார். அவர் தலையைக் குனிந்து காஜா எடுத்துக்கொண்டிருந்தார். “பதினஞ்சு செட் எழுது.”

பேனா நின்றது. தையல்காரர் தலை நிமிராமல், “அவ்வளவு காலம் வண்டிய யாரு மச்சான் பாத்துக்கறது?” என்றார்.

“நான் வர்றேன். நீ எழுதும்மா.”

அவள் பதினைந்து என்று எண்ணாலும் எழுத்தாலும் எழுதி, மடித்து, உறையின் ஓரத்தைப் பசை தடவி ஒட்டி, கட்டைவிரலால் நீவிக் கொடுத்தாள். அண்ணன் அதைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். இந்த முறை சுற்றிப் போகவில்லை. தெருவின் நடுவாகவே நடந்து, கடைசிக் கடைக்கு எதிரில் இருக்கும் தபால் பெட்டியில் கடிதத்தைப் போட்டார். மாலைத் தபாலில் அது மற்றக் கடிதங்களோடு போயிற்று.