கண்ணால் வெட்டிய பாட்டு

அண்ணன் போய் ஏழு மாதம் ஆன பிறகு அவனுடைய பாட்டு வெளிவருவதாக இருந்தது. வெள்ளிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்கு. மூலப் பாட்டு ஒன்று, ரீமிக்ஸ் இரண்டு. பெயர் 'ஏழாவது மாடி'. அந்தப் பெயரை அவனேதான் வைத்திருந்தான். பகலெல்லாம் அவனுக்கு லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை. ஏதோ ஒரு கட்டடத்தில் ஏழாவது மாடிக்கும் எட்டாவது மாடிக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருந்தபோது வந்த மெட்டு என்று தங்கையிடம் சொல்லியிருக்கிறான்.

"பயமா இல்லையா?" என்று அவள் கேட்டாள்.

"ரிப்பேர் பண்ண வேண்டியவனே உள்ள இருக்கேன், யாருக்குப் போன் பண்றது? அதான் பாட்டு போட்டேன்."

நண்பர்கள் அவனை ஆமை என்றுதான் கூப்பிடுவார்கள். டீப் ஹவுஸ் என்கிற நடன இசை போடுகிற மற்றவர்கள் நிமிடத்துக்கு நூற்று இருபத்தைந்து தாள அடி என்று ஓட, இவன் நூற்றுப் பதினெட்டை விட்டு ஏறவும் மாட்டான், இறங்கவும் மாட்டான். அடியில் உருளுகிற பேஸ், மேலே கீபோர்டில் இரண்டு சுரம், நடுவில் யாரோ பக்கத்து அறையில் முணுமுணுப்பது போல ஒரு குரல். அவ்வளவுதான் அவன் பாட்டு. அம்மாவுக்கு அது பாட்டாகவே படவில்லை. "விருந்து நடக்குற வீட்டுக்கு நாலு வீடு தள்ளிப் படுத்திருக்குற மாதிரி இருக்குடா" என்பாள். அவனுக்கு அதில் ஒரே சந்தோஷம். இதைவிட யாரும் சரியாகச் சொன்னதில்லை என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லித் திரிந்தான்.

காய்ச்சல் என்று தானே நடந்து ஆஸ்பத்திரிக்குப் போனவன், பதினோராம் நாள் இல்லாமல் போனான்.

வீட்டில் அவன் படங்கள் நிறைய இருந்தன. குரல்தான் இல்லை. தன் குரல் அவனுக்கே பிடிக்காது. போனில் குரல் பதிந்து அனுப்ப மாட்டான், ஒற்றை வரியில் எழுதி அனுப்புவான். வீடியோ என்றால் கேமராவுக்குப் பின்னால் போய் நின்றுகொள்வான். ஏழாவது மாதத்தில் ஒருநாள், துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் சொன்னாள்:

"முகம் இருக்குடி. குரல்தான் நழுவுது. நேத்து நெனச்சு நெனச்சுப் பாத்தேன், வரல."

தங்கைக்குமே அந்தக் குரல் சரியாக நினைவுக்கு வரவில்லை.

அவளுக்குக் கண்ணாடிக் கடையில் வேலை. வருகிறவரின் கண்மணி எந்த இடத்தில் இருக்கிறதோ, லென்ஸில் அதே இடத்தில் புள்ளி வைத்து, சட்டத்துக்குத் தக்கபடி ஓரம் தேய்த்து மாட்ட வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிசகினாலும் வாங்கினவருக்குத் தலைவலி. அதனால் எதையும் மூன்று முறை அளந்துவிட்டுத்தான் தொடுவாள். மூன்றாம் முறை அளந்த பிறகும் முதல் முறை அளந்ததுதான் சரியோ என்று தோன்றும். அண்ணன் போன பிறகு அவன் கணினியைத் திறந்து பார்க்கத் தெரியாமல், மாலை வகுப்பு ஒன்றில் ஒலித்தொகுப்பு படிக்கச் சேர்ந்தாள். சொல்வதையெல்லாம் எண் போட்டு நோட்டில் எழுதிக்கொண்டாள். நான்காவது விதியின் கீழே இரண்டு கோடு இழுத்திருந்தாள்: கேட்டுவிட்டு வெட்டு, கண்ணால் வெட்டாதே.

பாட்டை வெளியிடுகிறவர் இரண்டு வாரத்துக்கு ஒரு வெளியீடு என்று இணையத்தில் நடத்திவந்தவர். அண்ணனின் பழைய பாட்டுகளையும் அவர்தான் வெளியிட்டார். ரீமிக்ஸ் செய்கிறவர்களுக்கு ஸ்டெம் வேண்டும், அதாவது டிரம் தனியாக, பேஸ் தனியாக, குரல் தனியாக ஒவ்வொரு கோப்பு, என்று எழுதிக் கேட்டார். "சுத்தம் செய்து அனுப்புங்கள்" என்று ஒரு வரி சேர்த்திருந்தார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவள் அண்ணன் அறையில் உட்கார்ந்தாள். எதிரொலி வராமலிருக்கச் சுவரெல்லாம் முட்டை அட்டை ஒட்டிய அறை. மொத்தம் இருபத்து மூன்று கோப்பு. இருபத்திரண்டைக் காதால் கேட்டுத்தான் சுத்தம் செய்தாள். கடைசியாக இருந்தது குரல் கோப்பு. வார்த்தை எதுவும் கிடையாது, அண்ணன் வாய்க்குள்ளேயே பாடும் ஹம்மிங். ஓடவிட்டாள். அவன் மூச்சு இழுக்கிற சத்தம் வந்ததும் ஹெட்போனைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டாள்.

கழற்றியவள் வேலையை நிறுத்தியிருக்கலாம், இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விட்டிருக்கலாம். ஆனால் பட்டியலில் இது ஒன்றுதான் பாக்கி. திரையில் அலை தெளிவாகத் தெரிந்தது: ஹம்மிங் இருக்கிற இடம் தடியாக, முடிந்த பிறகு நூல் மாதிரி மெல்லிசாக. மெல்லிசாக இருப்பது இரைச்சல். லென்ஸின் ஓரத்தைத் தேய்ப்பது போல அந்த வாலைத் துல்லியமாக வெட்டினாள். மிச்சமிருந்த இரைச்சலையும் நீக்கி, அதே பெயரில் சேமித்து, மூடினாள். நோட்டில் இருபத்து மூன்றுக்கு நேராக டிக் போட்டாள்.

அடுத்த சனிக்கிழமை தாடி வீட்டுக்கு வந்தான். அண்ணனின் கூட்டாளி, இரண்டு ரீமிக்ஸில் ஒன்று அவனுடையது. தாடி இல்லாத காலத்தில் அவனுக்கு என்ன பெயர் என்று அண்ணனுக்கே மறந்துவிட்டது என்பார்கள். அண்ணன் போன பிறகு இந்த வீட்டுக்கு இரண்டாவது முறை வருகிறான். எங்கே உட்காருவது என்று தெரியாமல் நின்றான்.

"உக்காருப்பா. அந்த நாற்காலி என்ன கடிக்கவா போகுது?" என்றாள் அம்மா.

"கோப்பெல்லாம் வந்துச்சு தங்கச்சி. இன்னும் திறக்கல. இன்னிக்குத்தான் ஆரம்பிக்கணும்." பிறகு அம்மாவைப் பார்த்து, "அம்மா, உங்களுக்கு ஒண்ணு தெரியுமா? அந்த ஹம்மிங்கோட கடைசில நீங்க இருக்கீங்க" என்றான்.

"நானா?"

"அவன் பதிஞ்சுக்கிட்டு இருந்தப்ப நான் கூடத்தான் இருந்தேன். பாடி முடிச்சான். சமையக்கட்டுலேர்ந்து நீங்க 'சாப்பிட வரியா இல்லையாடா'ன்னு கத்துனீங்க. இவன் மைக்கை அணைக்காம, கதவுப் பக்கம் திரும்பி, 'ஒரு நிமிஷம்மா, இதோ வரேன்'னான். எல்லாம் பதிஞ்சிருச்சு. வெட்டிருடான்னேன். வேணாம், இருக்கட்டும்னுட்டான்."

அம்மாவின் கை தண்ணீர்க் குவளையோடு நின்றது. பிறகு சிரித்தாள். ஏழு மாதத்தில் முதல் தடவை.

"அவன் ஒரு நிமிஷம்னா ஒரு மணி நேரம். சோறு ஆறிப் போயிடும்." சொல்லிவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். "ஏய், போடுடி அதை. இப்பவே போடு."

"வெள்ளிக்கிழமை வெளிவருதும்மா. அப்ப ஒழுங்கா கேக்கலாம்."

இதைச் சொன்ன குரல் தன்னுடையதுதானா என்று தங்கைக்குச் சந்தேகமாக இருந்தது. அம்மா விரல் விட்டு எண்ணி, "ஆறு நாள்தானே" என்றாள்.

தாடி கிளம்பியதும் தங்கை கணினியைத் திறந்தாள். குரல் கோப்பு நான்கு நிமிடம் ஐம்பது விநாடியோடு, கத்தரித்த நகம் மாதிரி சுத்தமாக முடிந்தது. வெட்டுவதற்கு முந்தைய கோப்பு எங்கேயும் இல்லை. குப்பைத் தொட்டி, வெளி டிஸ்க், அண்ணனின் போன் என்று பட்டியல் எழுதி ஒவ்வொன்றாகத் தேடி அடித்தாள். திங்கட்கிழமை மாலை வகுப்பு முடிந்து எல்லோரும் போன பிறகு ஆசிரியையிடம் கேட்டாள்.

"அதே பேர்ல சேமிச்சீங்களா?"

"ஆமா."

"நகல் வெச்சுக்கலையா?"

"இல்ல."

ஆசிரியை அவள் நோட்டைப் பார்த்தார். இரட்டைக் கோட்டையும் பார்த்திருக்க வேண்டும். திட்டியிருந்தால் தேவலாம் என்று இவளுக்கு இருந்தது. "யாரோட குரல்மா?" என்று மட்டும் கேட்டார். அவள் பையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் கடையில் ஒரு லென்ஸைத் தப்பாகத் தேய்த்தாள். மதியம் தாடிக்குப் போன் செய்து சொன்னாள்.

"நான் கேட்டுட்டேன் தங்கச்சி. ஞாயித்துக்கிழமையே கேட்டுட்டேன். நீ தெரிஞ்சு வெட்டினியோன்னு நெனச்சேன். அழுகை வருதுன்னு."

"கேக்காம வெட்டிட்டேன் தாடியண்ணா."

"சரி விடு. அவன் எனக்கு அனுப்பின பழைய கலவை ஒண்ணு போன்ல கிடக்கு. எல்லாம் சேந்த ஒரே கோப்பு. அதுல அந்த இடம் அஞ்சு நிமிஷம் பன்னிரண்டாவது விநாடி. டிரம்முக்கு அடியில இருக்கும். தோண்டிப் பாக்குறேன்."

புதன்கிழமை மாலை வகுப்புக்குப் போகாமல் அவன் வீட்டுக்குப் போனாள். தோண்டியதைப் போட்டுக் காட்டினான். டிரம்மை நீக்க நீக்கக் குரலும் கரைந்தது. வாளியைக் கவிழ்த்து அதற்குள்ளிருந்து யாரோ பேசுவது போல ஒரு 'ம்... வரே'. அது அண்ணன் இல்லை. மனுஷன் என்றே சொல்ல முடியாது. நீக்காமல் அப்படியே போட்டால் டிரம்தான் கேட்டது. இன்ன இடத்தில் இன்ன வார்த்தை என்று தெரிந்தவர்களுக்கு மட்டும் உள்ளே ஏதோ அசைவது தெரியும்.

"இதை அம்மாவுக்குக் காட்டாத" என்றான் தாடி. பிறகு, முகத்தைத் திருப்பிக்கொண்டு, "நான் பேசிப் போடவா? அவன மாதிரி எனக்கு வரும். அவனைக் கிண்டல் பண்ணிப் பண்ணிப் பழக்கம்" என்றான். சொல்லியும் காட்டினான்: "ஒரு நிமிஷம்மா, இதோ வரேன்."

அச்சு அசலாக இருந்தது. அம்மாவுக்குத் தெரியவே தெரியாது. வெள்ளிக்கிழமை அம்மா அழுவாள், சிரிப்பாள், திரும்பத் திரும்பக் கேட்பாள். நழுவின இடத்தில் இந்தக் குரல் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்கப்புறம் உண்மையான குரல் வர நினைத்தாலும் வர இடம் இருக்காது.

"வேணாம்ணா."

"சரி. நானே வேணாம்னு நெனச்சுக்கிட்டுதான் கேட்டேன்."

பிறகு தாடி சுட்டியைப் பிடித்து, தன் ரீமிக்ஸில் ஐந்து பன்னிரண்டில் டிரம்மை வெட்டினான், பேஸை வெட்டினான், கீபோர்டை வெட்டினான். நாலு தாளச் சுற்று, எட்டு விநாடி. "இந்த இடத்தை இப்படியே விட்டுடுறேன்" என்றான். "அவன் இடத்துல யாரும் உக்கார வேணாம்."

வெள்ளிக்கிழமை அரை நாள் விடுப்பு கேட்டு வீட்டுக்கு வந்தாள். அம்மா குளித்து, தலை வாரி, வெளியே போகிற மாதிரி நல்ல புடவை கட்டிக்கொண்டு அண்ணன் அறையில் உட்கார்ந்திருந்தாள். அண்ணனின் ஹெட்போன் மடியில் இருந்தது. அதன் காதுப் பஞ்சின் மேல்தோல் உரிந்து கறுப்புத் தூள் கொட்டும். அம்மா அதை ஈரத்துணியால் துடைத்து வைத்திருந்தாள்.

"அம்மா, போடறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும்."

வழியெல்லாம் வரிசையாக யோசித்துவைத்திருந்தாள், முதலில் இது, பிறகு இது என்று. வாயைத் திறந்ததும் எல்லாம் போய்விட்டது. "அண்ணன் பேசினதை நான் வெட்டிட்டேன்மா. இருந்துச்சுன்னே தெரியாது. கேக்காம வெட்டிட்டேன். இப்ப எங்கயும் இல்ல" என்றாள். "தாடியண்ணாகிட்ட இருக்குறதுலயும் டிரம் சத்தத்துல கேக்காது."

அம்மா ஹெட்போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஈரத்துணியை நாலாக மடித்தாள்.

"ஏன் கேக்கல?"

"அவன் மூச்சு விடுறது கேட்டுச்சும்மா. அதுக்கு மேல முடியல."

அம்மா தலையை ஆட்டினாள். கோபமா என்று தெரியவில்லை. மகளின் கன்னத்தில் கை வைக்கத் தூக்கினாள். பிறகு அந்தக் கையால் ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள். "போடு" என்றாள்.

மணி பன்னிரண்டு ஆகியிருந்தது. மூலப் பாட்டு முதலில் ஓடியது. அம்மா அசையவில்லை. இரண்டாவது, பெயர் தெரியாத ஒருவர் எங்கிருந்தோ செய்தனுப்பிய ரீமிக்ஸ், நூற்று இருபத்தெட்டு அடி வேகம். "யாருடி இது, பஸ்ஸைப் பிடிக்க ஓடுறாரு?" என்றாள் அம்மா. காது மூடியிருந்ததால் சத்தமாகச் சொன்னாள். மூன்றாவது தாடியுடையது.

தங்கை திரையில் விநாடி ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மூன்று நிமிடம் நாற்பது விநாடியில், கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா கண்ணைத் திறந்தாள்.

"கேட்டுடுச்சுடி" என்றாள். "நல்லா தெளிவா கேக்குது. ஒரு நிமிஷம்மா, இதோ வரேன்னு. நீ ஒண்ணும் வெட்டல. வீணா மனசப் போட்டு உழப்பிக்காத."

மூன்று நாற்பதில் இருப்பது பேஸ் மட்டும்தான். தங்கைக்கு அது தெரியும். அது அவளுக்குத் தெரியும் என்பதும் அம்மாவுக்குத் தெரியும். "சரிம்மா" என்றாள்.

அம்மா மறுபடி கண்ணை மூடிக்கொண்டாள். மூடின கண்ணிலிருந்து வழிந்ததைத் துடைக்கவில்லை. நான்கு நிமிடம் தாண்டியது. ஐந்து தாண்டியது. ஐந்து பன்னிரண்டில் தாடி சொன்னபடி எல்லாம் நின்றது. ஹெட்போனுக்கு வெளியே கசிந்துகொண்டிருந்த மெல்லிய தடதடப்பும் நின்றது. முட்டை அட்டை ஒட்டிய அறையில் சத்தம் என்று எதுவும் இல்லை.

அம்மாவின் முகம் பயந்தது போல ஆனது. கை ஹெட்போனுக்குப் போனது.

"முடிஞ்சிடுச்சா?"

எட்டு விநாடியில் மூன்று போய்விட்டிருந்தது. தங்கை அம்மாவின் கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள்.

"இல்லம்மா" என்றாள். "ஒரு நிமிஷம்."

சொன்ன பிறகுதான் இரண்டு பேருக்கும் அது காதில் விழுந்தது. அம்மா அவளையே பார்த்தாள். டிரம் திரும்பி வருகிறவரை பார்த்துக்கொண்டே இருந்தாள்.