கையில் கொடுத்த மருந்து

பர்மாவின் சின்த்வின் ஆற்றில் வெள்ளம் கரையைத் தாண்டி, ஊரிலிருந்து புத்த மடத்துக்குப் போகும் பாதையையும் மூழ்கடித்து ஓடியது. அந்தச் சுழிப்பில் மடத்துக்குப் படகு விடத் துணிந்தவள் மா செயின் ஒருத்திதான். புருஷன் செத்ததிலிருந்து அந்த மடத்துப் படியை மிதிக்காதவள். ஊர்க்காரர்கள் கெஞ்சியதால் வந்தாள்.

மடத்து பிக்கு ஊ நந்தியா சாமி காய்ச்சலில் பாயோடு கிடந்தார். மற்ற பிக்குகள் அக்கரையில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குக் கொடுக்க அவரே இடித்து வைத்த காய்ச்சல் சூரணம் கைக்கெட்டும் தூரத்தில், பலகையில் இருந்தது.

“அதான் பக்கத்துலயே இருக்கே! எடுத்து வாயில போட்டுக்க வேண்டியதுதானே?”

“யாராவது கையில குடுக்கணும்மா.”

அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கையில் கொடுக்காததை பிக்கு வாயில் வைக்கக் கூடாது. உயிருள்ள செடியில் இலை கிள்ளக் கூடாது. இந்த விதியையெல்லாம் அவள் பட்டுத் தெரிந்துகொண்டவள். போன மழைக்காலத்தில் பாம்பு கடித்த அவள் புருஷன் கோ தீஹா இந்த மடத்து வாசலில்தான் வந்து விழுந்தான். விஷமுறிப் பச்சிலை வேலியோரம் தழைத்து நின்றது. சாமி கிள்ளவில்லை. கிள்ளித்தர ஆள் தேடி ஊருக்குள் ஓடினார். ஆள் வருவதற்குள் அவன் மூச்சு அடங்கிவிட்டது. சாமியின் ஒழுக்கத்தை ஊரே மெச்சியது. என்ன ஊரோ!

“ஒத்த இலை சாமி! கிள்ளியிருந்தா, இன்னொரு சாமிகிட்ட ஒரு வார்த்தை சொன்னாத் தீந்துபோற குத்தம். அதுக்கா எங்க வீட்டுக்காரர் உசுரு?”

“ஆமாம்மா. அன்னிக்கு எனக்கு விதிதான் தெரிஞ்சுது, அவன் தெரியல.” அவருக்கு மூச்சு வாங்கியது. “அவனுக்காக மீறாத கை இது. எனக்காக மீறினா நான் என்ன மனுஷன்?”

இந்த ஆள் சாகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் அவள் வழியெல்லாம் துடுப்புப் போட்டாள்; பொய் சொல்வானேன். இப்போது சும்மா நின்று மழையைப் பார்த்தாலே போதும், காரியம் தானாக முடிந்துவிடும். ஆனால் மருந்து பக்கத்தில் இருக்க, கையைக் கட்டி நின்றவள் என்று அவளும் ஆகிவிடுவாள். அதை அவளால் தாங்க முடியவில்லை.

சூரணத்தைத் தண்ணீரில் கரைத்தாள். மண்டியிட்டு, கிண்ணத்தை இரண்டு கையாலும் நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

“என்னை மன்னிச்சுட்டியாம்மா?”

“இல்ல சாமி. குடிங்க. பொழைச்சு ரொம்பக் காலம் இருங்க. அவர் இல்லாம எனக்கு விடியுற மாதிரியே, உங்களுக்கும் தெனம் விடியட்டும்.”