மோட்டார் அறைச் சாவி

கிழக்கு வெளுக்கும் முன்பே அவியல் கொட்டகையில் அடுப்புகள் எரியத் தொடங்கிவிட்டன. பேராச்சி உமியை அள்ளி அள்ளி அடுப்பு வாய்க்குள் வீசினாள். அண்டாவில் நெல் வெந்து வாய் பிளக்கும் வாடை, புளிப்பும் புகையுமாகக் கொட்டகையை நிறைத்து நின்றது. வெந்த நெல்லைக் கூடையில் வாரித் தலையில் ஏற்றினால் கொதிநீர் பிடரி வழியாக முதுகில் இறங்கும். தில்லைநாயகம் முதலாளியின் அரிசி மில்லில் வேலை பார்த்த பெண்கள் எல்லோருக்கும் பிடரித் தோல் வெந்து கறுத்துக் கிடந்தது.

சாரல் தொடங்கியிருந்தது. மலையில் மேகம் இறங்கிக் குற்றாலத்தில் அருவி விழுகிற நாட்களில் தென்காசியே கொண்டாட்டமாக இருக்கும். நெல் காயப்போடுகிறவர்களுக்கு மட்டும் அது நரகம். வெயில் எட்டிப் பார்த்ததும் களத்தில் பரப்ப வேண்டும், தூறல் விழுந்ததும் ஓடிப்போய்க் குவித்து மூட வேண்டும். ஒரு பகலில் எத்தனை முறை என்று யாரும் எண்ணுவதில்லை. மாலையில் கால் மரத்துப்போய்விடும், அவ்வளவுதான்.

"அக்கா, நீ போயி களத்தப் பாரு. கூடைய நான் தூக்குதேன்" என்று சொல்லிக்கொண்டே வந்து நின்றாள் முத்துவடிவு.

தாய் முகம் பார்க்காத பிள்ளை அவள். பேராச்சிதான் இடுப்பில் சுமந்து வளர்த்தாள். தை மாதம்தான் வண்டிக்காரச் சிவசைலத்துக்குக் கட்டிக்கொடுத்திருந்தாள். மில்லில் வேலை வாங்கிக் கொடுத்ததும் பேராச்சிதான். இப்போது முத்துவடிவு முழுகாமல் இருந்தாள். அது அக்காவுக்கும் தங்கைக்கும் மட்டும் தெரிந்த சேதி.

முன்பு அந்த மில் எண்ணெய் எஞ்சினில் ஓடியது. எஞ்சின் டிரைவர் ரஹ்மத். யாருடைய சேலையாவது பெல்ட்டில் பட்டால், தவிட்டுத் தூசியில் யாருக்காவது மூச்சு முட்டினால், கைப்பிள்ளை பசித்து அழுதால், "ரஹ்மத்தண்ணே" என்று ஒரு குரல் போதும். எஞ்சின் நின்றுவிடும். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை. மில்லை நடத்துவது தானா, ரஹ்மத்தா என்று அடிக்கடி கேட்பார்.

பிறகு ஊருக்கு மின்சாரம் வந்தது. மில்லுக்கு மோட்டாரும் வந்தது. எல்லோருக்கும் சந்தோஷந்தான். புகை இல்லை, எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. தலைக்கு மேல் எரிந்த பல்பை முத்துவடிவு அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றாள். பேராச்சி தோளில் தட்டித்தான் அவளைக் கூட்டிப்போக வேண்டியிருந்தது.

அந்த மாதமே பாதிப் பேரை வேண்டாமென்று அனுப்பிவிட்டார்கள். மோட்டார் இரட்டை வேகத்தில் அரைத்தது. மிச்சமிருந்தவர்கள் அதே வேகத்துக்கு ஓடினார்கள். மூட்டைக் கணக்கில் கூலி என்று சொல்லி, மூட்டைக்கான கூலியையும் குறைத்தார்கள். மோட்டாரின் சுவிட்சை மில்லுக்குள் வைக்காமல் தன்னுடைய அறையில் வைத்துக்கொண்டார் முதலாளி. வெளியே போகும்போது அறையைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொள்வார். ரஹ்மத்துக்குப் பெல்ட்டுக்கு மெழுகு போடுகிற வேலை மட்டும் மிஞ்சியது.

கரண்டு அடிக்கடி போய்க்கொண்டிருந்தது. போனால் சுவிட்சின் கைப்பிடி தானாகக் கீழே விழுந்துவிடும். திரும்பக் கரண்டு வந்ததும் ஒரு ஆள் அதைத் தூக்கிவிட வேண்டும். ஒவ்வொரு தடவையும் வந்து அறையைத் திறக்க முதலாளிக்குச் சலிப்பாகிவிட்டது. கைப்பிடியைத் தூக்கி ஒரு கயிற்றால் இறுக்கிக் கட்டச் சொன்னார். கட்டியது ரஹ்மத். இது ஆபத்து, கரண்டு வருகிற நேரத்தில் யாராவது உள்ளே கை வைத்திருந்தால் என்ன ஆவது என்று அவன் கேட்டான். கரண்டு இல்லாத நேரத்தில் கை வைக்கச் சொன்னது யார் என்று திருப்பிக் கேட்டார் முதலாளி. அதன் பிறகு போன கரண்டு வந்தால் மில் தானாக ஓடத் தொடங்கியது. வருகிற விருந்தாளிகளுக்கெல்லாம் அதை அவர் பெருமையாகக் காட்டினார்.

அன்றைக்கும் மதுரையிலிருந்து விருந்தாளிகள் வந்திருந்தார்கள். அவர்களைக் காரில் ஏற்றிக்கொண்டு ஐந்தருவிக்குக் குளிக்கப் போய்விட்டார் முதலாளி. போகும்போது, வருவதற்குள் அத்தனை நெல்லும் அரைபட்டிருக்க வேண்டும் என்று சொன்னார். நெல் இன்னும் ஈரம் என்றார்கள். அவர் காதில் வாங்கிக்கொள்ளவில்லை.

ஈரநெல் மிஷினின் வாயை அடைத்துக்கொண்டது. அந்த நேரம் பார்த்துக் கரண்டும் போனது. அடைப்பை எடுக்காவிட்டால் எல்லோருக்கும் அன்றைய கூலியைப் பிடித்துக்கொள்வார்கள். அடைப்பு இருந்தது பெல்ட்டுக்கு அடியில், குனிந்து கைவிட்டு வழிக்கிற இடத்தில். முத்துவடிவு ஒல்லியானவள். அவள்தான் உள்ளே குனிந்தாள்.

பேராச்சி கூடையோடு வாசலில் நின்றாள். பல்பு எரிந்ததை அவள் பார்த்தாள். தங்கையின் பெயரைச் சொல்ல வாயெடுப்பதற்குள் பெல்ட் சுழன்று, முந்தானையையும் கூந்தலையும் சேர்த்து இழுத்துக்கொண்டது.

ஆளாளுக்கு ஓடினார்கள். எங்கே ஓடுவது? சுவிட்சு இருந்த அறை பூட்டிக் கிடந்தது. சாவி ஐந்தருவியில் இருந்தது. ரஹ்மத் கடப்பாரையை எடுத்துக் கதவைக் குத்தினான். தேக்குக் கதவு. குத்தக் குத்த அது நின்றது. மோட்டார் நிற்காமல் ஓடியது. பேராச்சி தங்கையின் இடுப்பைக் கட்டிப்பிடித்துத் தன் பலம் முழுவதையும் கொடுத்து இழுத்துக்கொண்டிருந்தாள். ஒரு பெண்ணின் கைக்கும் அந்த மோட்டாருக்கும் நடந்த இழுபறி அது. கதவு உடைந்து, கயிறு அறுபட்டு, மோட்டார் நின்றபோது முத்துவடிவிடம் உயிர் இல்லை.

தலையில் எண்ணெய் பளபளக்க, ஈரத்துண்டோடு வந்து இறங்கினார் தில்லைநாயகம். உடம்பைப் பார்த்தார். சற்று நேரம் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு உடைந்த கதவு வழியாக அறைக்குள் போனார். தங்கையின் தலையை மடியில் வைத்திருந்த பேராச்சிக்கு அறைக்குள் நடப்பது தெரிந்தது. சுவிட்சில் தொங்கிய கயிற்றுத் துண்டை அவிழ்த்து வேட்டி மடிப்புக்குள் வைத்துக்கொண்டு வெளியே வந்து, போலீசுக்குச் சொல்லி அனுப்பினார்.

சிற்றாற்றங்கரையில் எரித்தார்கள். முத்துவடிவு வயிற்றிலும் ஓர் உயிர் இருந்தது என்று பேராச்சி அங்கேதான் சிவசைலத்திடம் சொன்னாள். அவன் தலையில் கைவைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்தான். "எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லலியே மதினி" என்று மட்டும் சொன்னான். சொல்ல வெள்ளிக்கிழமை ஆகட்டும் என்று முத்துவடிவு காத்திருந்தாள். அதை அவனிடம் எப்படிச் சொல்வது என்று பேராச்சிக்குத் தெரியவில்லை.

காரியம் முடிந்ததும் முதலாளி ஆள் அனுப்பிப் பேராச்சியை வரச்சொன்னார். உட்காரச் சொன்னார், அப்படிச் சொன்னது அதுதான் முதல் தடவை. அவள் நின்றாள். தொழிற்சாலை இன்ஸ்பெக்டர் விசாரிக்க வருவார், ஓடுகிற மிஷினில் தங்கச்சி தானாகக் கை வைத்தாள் என்று சொன்னால் போதும், சிவசைலத்துக்கு மில்லில் நிரந்தரமாக வேலை, குடும்பத்துக்கு வேண்டியதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

"மிஷினுக்குக் கண்ணா இருக்கு பேராச்சி? ஆளு தெரிஞ்சா அது பிடிச்சுது? நடந்தது விதி."

"மிஷின் மேல எனக்குப் பகை இல்ல மொதலாளி. அவ அத ஆசையாப் பாத்தவ. அத நிறுத்துத எடத்தப் பூட்டி வச்சது விதி இல்லியே."

"மில்லு என்னது. மோட்டாரு என்னது. கரண்டுக்குப் பணம் கெட்டுததும் நான். அத எங்க வைக்கணும்னு நீ சொல்லுதியா?"

"அதுக்குள்ள போற கை எங்களது."

 அவள் சொன்னால் யார் நம்புவார்கள் என்று மெதுவாகக் கேட்டார் அவர். பேராச்சி வெளியே வந்துவிட்டாள். 

அன்று மத்தியானம் அவியல் கொட்டகையில் எல்லோரும் கூடினார்கள். எல்லோருக்கும் ஒரே மனசு என்று சொல்லிவிட முடியாது. வீட்டில் அரிசி இல்லாமல் அரிசி மில்லை எதிர்த்து நிற்பது எப்படி என்று ஜெபமலர் கேட்டாள். அவளுக்கு மூன்று பிள்ளைகள், புருஷன் காசநோய்க்காரன்.  கூலியைக் கூட்டிக் கேட்டு ஒத்துக்கொள்வோம் என்றார்கள் சிலர்.

வெகுநேரம் தலைகுனிந்திருந்த ரஹ்மத் எழுந்தான்.

"கயித்தக் கெட்டுனது இந்தக் கைதான். அவரு சொன்னாரு, வேலை போயிருமேன்னு நான் கெட்டுனேன். அத இன்ஸ்பெக்டர்ட்ட சொல்லப்போறேன். என்னய உள்ள வச்சாலும் வைக்கட்டும்."

பேராச்சி அவனைப் பார்த்தாள். அவன் மேல் அவளுக்கு ஆத்திரம் இருந்தது. கதவை உடைத்ததில் பிய்ந்துபோய்த் துணி சுற்றியிருந்த அவன் உள்ளங்கைகளும் கண்ணில் பட்டன.

"கூலிக்குப் பெறவு சண்ட போடலாம்" என்றாள் அவள். "மொதல்ல அந்தச் சுச்சு மில்லுக்குள்ள வரணும். நாம கை வச்சா நிக்கணும். நாம சொல்லாம அது ஓடக் கூடாது. அதுவரைக்கும் நான் மிஷினத் தொட மாட்டேன். வாரவுக வாங்க."

ஜெபமலர் அழுதுகொண்டே முதலில் எழுந்து வந்து அவள் பக்கத்தில் நின்றாள்.

இன்ஸ்பெக்டர் வந்தார். பேராச்சி கண்டதைச் சொன்னாள். ரஹ்மத் தன் கையால் செய்ததைச் சொன்னான். அறைக்கதவு பூட்டியிருந்ததை மற்றவர்கள் ஒவ்வொருவராகச் சொன்னார்கள். அவர் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார்; மேலே அனுப்புவதாகச் சொன்னார்; முதலாளி வீட்டில் சாப்பிட்டுவிட்டுப் போனார். மறுநாள் வேலைக்கு வராதவர்களுக்கு இனி மில்லில் இடமில்லை என்று மாலையில் சொல்லியனுப்பினார் தில்லைநாயகம்.

மறுநாள் விடிகிற வேளையில் மில் வாசலில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். சாரல் விட்டு விட்டு அடித்தது. சாக்குகளைத் தலையில் கவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். சுந்தரபாண்டியபுரத்துச் சாலையிலிருந்து இரண்டு மாட்டுவண்டிகள் வந்தன. உள்ளே நெருக்கியடித்துக்கொண்டு பெண்கள். முதலாளி வரவழைத்த புது ஆட்கள். கேட்டைத் திறந்து வைத்துக்கொண்டு மில் காவலாள் நின்றான்.

பேராச்சி எழுந்து போய் முதல் வண்டியின் நுகத்தடியைப் பிடித்தாள். என்னென்னவோ சொல்ல நினைத்திருந்தாள். 

"என் தங்கச்சி பேரு முத்துவடிவு" என்று தொடங்கினாள்.

பிறகு நடந்ததை நடந்தபடி சொன்னாள். பல்பு எரிந்ததை, பூட்டிய கதவை, தான் இழுத்த இழுப்பை. வயிற்றுப்பிள்ளையைப் பற்றியும் சொன்னாள். யாரையும் திட்டவில்லை.  மாடுகள் தலையை உலுக்கி ஈரத்தை உதறின.

முன்னால் இருந்த ஒருத்தி, ஆவுடையம்மாள் என்று பெயர், மெல்லக் கேட்டாள்.

"எங்க வீட்டுல அடுப்பு எரிஞ்சு நாலு நாளாச்சு அக்கா. நாங்க திரும்பிப் போனா என்னத்தத் திங்க?"

"எங்க வீட்டுலயும் எரியல தாயி. உன்னயப் போகாதேன்னு சொல்ல எனக்கு நாவு வரல. ஆனா அந்த மிஷினு ஓடுனா நிறுத்துததுக்கு இன்னைக்கும் உள்ள வழி இல்ல. அதத் தெரிஞ்சுக்கிட்டுப் போ."

ஆவுடையம்மாள் திறந்த கேட்டைப் பார்த்தாள். வாசலில் நனைந்துகொண்டிருந்தவர்களைப் பார்த்தாள். சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு வண்டியிலிருந்து குதித்தாள். அவளுக்குப் பின்னால் இன்னும் சிலர் இறங்கினார்கள். எல்லோரும் இறங்கவில்லை. சிலர் வண்டிக்குள்ளேயே முகத்தைத் திருப்பிக்கொண்டு இருந்தார்கள். ஆனால் வண்டிக்காரன் கேட்டுக்குள் ஓட்டாமல் மாட்டை நிறுத்தியே வைத்திருந்தான்.

பேராச்சி திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்தாள். மனசு பொங்கிக்கொண்டு வந்தது. முத்துவடிவு எப்போதும் உட்காரும் இடப்பக்கம் திரும்பி, "பாத்தியாட்டி" என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டாள். பக்கத்தில் யாரும் இல்லை. ஈரத்தரை மட்டும் கிடந்தது. திறந்த வாயை மூட முடியாமல் அப்படியே அழுதாள்.

ஆவுடையம்மாள் அந்த வெற்றிடத்தில் வந்து உட்கார்ந்தாள்.  தூறல் வலுத்தது. பேராச்சி அழுகையை நிறுத்தாமலே, தன் தலையில் இருந்த சாக்கில் பாதியை இழுத்து அவள் தலைக்கும் சேர்த்துப் போட்டாள்.