துரை வந்தால் எழும்பக் கூடாது

பேராதனையில் சமூகவியல் படித்துக்கொண்டிருந்த பூரணிக்கு, விடுமுறைப் பயிற்சி அட்டன் தொழிற்சங்கக் கந்தோரில் கிடைத்தது. கொத்மலைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசைவீடொன்றில் பிறந்து பல்கலைக்கழகம் வரை போன பெண் என்று அங்கே அவளுக்கு ஏக மரியாதை. அவளுக்கும் தலை கொஞ்சம் கனத்துத்தான் இருந்தது.

முதல் வேலையாக, கொழுந்து பறிக்கும் வீரம்மாவின் வழக்கை அவளிடம் கொடுத்தார்கள். கைப்பிள்ளைக்குப் பால் கொடுத்துவிட்டுப் பிந்தி வந்ததற்காகக் கணக்கப்பிள்ளை அரைநாள் சம்பளத்தை வெட்டினார். ஏன் என்று கேட்டாள் வீரம்மா. அந்த ஒரு சொல்லுக்கு வேலை போனது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எங்கே போவாள், பாவம்? அரசாங்கத் தொழில் கந்தோரில் அதிகாரி நடத்தும் விசாரணையில், தோட்டத்தை நிர்வகிக்கும் துரையின் முன்னால் அவளே நடந்ததைச் சொன்னால்தான் வழி பிறக்கும்.

சிக்கலே அதுதான். துரையைக் கண்டால் எழும்பிக் கைகட்டி நிற்பாள். நின்றால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும்.

"உட்காந்து பேசுறது உங்க உரிமைக்கா," என்று பூரணி பாடமே நடத்தினாள். பியோன் சோலைமலையின் தொப்பியை மாட்டிக்கொண்டு, தானே துரையாக விறைப்பாக உள்ளே வந்தாள். வீரம்மா விசுக்கென்று எழும்பிவிட்டாள்.

"ஐயோ அக்கா, நான்தானே!"

"என்னா செய்றது புள்ள, ஒடம்பு தானா எந்திரிக்குது."

பூரணிக்குச் சிரிப்பும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அன்று பொழுது சாயும்வரை தொப்பியும் கையுமாக அவளைப் படாதபாடு படுத்தினாள்.

விசாரணையன்று இருவரும் அடுத்தடுத்த நாற்காலிகளில் இருந்தார்கள். வெளியே சப்பாத்துச் சத்தம் கேட்டது. துரை உள்ளே வந்தார்.

விசுக்கென்று எழும்பியது பூரணி.

கைகள் தாமாகக் கட்டிக்கொண்டன. படித்த படிப்பெல்லாம் எங்கே போனதோ! வெட்கத்தில் முகம் எரியப் பக்கத்தில் பார்த்தாள். வீரம்மா நாற்காலியின் இரு கைகளையும் இறுகப் பிடித்தபடி அசையாமல் இருந்தாள். பிறகு ஒரு கையை எடுத்து, பூரணியின் சேலையைப் பற்றி இழுத்தாள்.

"ஒக்காரு தாயி."

அறை முழுக்கக் கேட்டது. பூரணி உட்கார்ந்தாள்.

"என்ன நடந்தது, சொல்லுங்க," என்றார் அதிகாரி.

"புள்ள பசியில அழுதுச்சுங்க, பால் குடுக்கப் போனேன். அதுல என்னா குத்தம்னு தொரையே சொல்லட்டும்," என்றாள் வீரம்மா. குரல் நடுங்கியது, ஆனால் நிற்கவில்லை.

அடுத்த மாதம் அவள் மறுபடி கூடையை மாட்டிக்கொண்டு மலைக்குப் போனாள். பூரணி பேராதனைக்குத் திரும்பினாள். பயிற்சியில் என்ன கற்றாய் என்று விரிவுரையாளர் கேட்டார்.

"உட்காரப் படிச்சேன் சேர்," என்றாள்.