மேடு ஏறாத வண்டி

வாலாஜாபாத்திலிருந்து திரும்பும் வழியில், சின்ன மேடு ஒன்றில் துரைக்கண்ணுவின் அம்பாசடர் டாக்சி திணறி நின்றது. சவாரிக்கு வந்தவர்கள் இறங்கித் தள்ளினார்கள். பின்னால் நீலப் புகை. அவர்களை பஸ் ஸ்டாண்டில் இறக்கிவிட்டு, மெக்கானிக் வீரபத்திரனின் ஷெட்டுக்கு வண்டியை ஓட்டினான்.

சூடாக இருந்த என்ஜினிலிருந்து வீரபத்திரன் நான்கு பிளக்குகளையும் கழற்றினார். முதல் துளையில், உள்ளே உண்டாகும் அழுத்தத்தைக் காட்டும் கேஜை அழுத்திப் பிடித்தார்.

"ஆக்சிலேட்டரை முழுசா மிதிச்சுக்கினு ஸ்டார்ட்டரை இழு."

துரைக்கண்ணு இழுத்தான். என்ஜின் பற்றாமல் வெறுமனே சுற்றியது. முள் நூற்றிருபதைத் தொட்டது. இரண்டாவதிலும் ஏறக்குறைய அப்படித்தான். மூன்றாவதில் அறுபதைத் தாண்டவில்லை. நான்காவதும் அதே கதி. வீரபத்திரன் மூன்றாவது துளையில் கொஞ்சம் ஆயில் விட்டு மறுபடி இழுக்கச் சொன்னார். முள் நூறு வரை போனது.

"ஆயில் விட்டா ஏறுது பாரு. அப்போ வால்வு இல்ல, பிஸ்டன் ரிங்தான் தேஞ்சிருக்குது. என்ஜினை இறக்கணும்பா. மெட்ராஸுக்கு அனுப்பி சிலிண்டரைக் கடைஞ்சு போர் பண்ணி வர்றதுக்கு மூணு வாரமாவது ஆவும்."

மூன்று வாரம் வருமானம் இல்லை. துரைக்கண்ணு பயம் வரும் என்று காத்திருந்தான். வரவில்லை. தை பிறந்ததிலிருந்து ஓயாத கல்யாணச் சவாரி. புடவை எடுக்க வருகிறவர்கள், கோயிலுக்குப் போகிறவர்கள். பாதித் தூக்கம் ஸ்டியரிங்கில்தான். இப்போது யாரோ முதுகிலிருந்த மூட்டையை இறக்கி வைத்தது போலிருந்தது. அப்படித் தோன்றியதே அவனுக்கு வெட்கமாயிருந்தது.

"மனசை விட்டுடாதே" என்றார் வீரபத்திரன்.

"இல்லண்ணா" என்று வண்டியிலிருந்து இறங்கினான்.

பிள்ளையார்பாளையத்துக்கு நடந்தான். நெசவாளி கலியாணசுந்தரத்தின் மகளையும் மாப்பிள்ளையையும் மறுநாள் திருத்தணிக்கு அழைத்துப்போக ஒப்புக்கொண்டிருந்தான். விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் சுருங்கியது.

"நேத்து வரைக்கும் ஓடிக்கினுதானே இருந்தது?"

"ஓடிச்சு. இன்னிக்கு மேடு ஏறல."

அவர் அவன் சிவந்த கண்களைப் பார்த்தார்.

"வேற வண்டி பாத்துக்கறேன். நீ போய்ப் படு. போன வாரம் ஓட்டிக்கினு இருக்கும்போதே உனக்குக் கண்ணு சொக்கிச்சு. சொன்னா ரோஷப்படுவியேன்னு பேசாம இருந்துட்டேன்."

வண்டியில் எத்தனை குடும்பத்தை இப்படி ஏற்றிப் போயிருக்கிறோம் என்று நினைத்தபோதுதான் துரைக்கண்ணுவுக்கு ஷெட்டில் வராத பயம் வந்தது.

தன் ஊரான கூரத்துக்கு பஸ்ஸில் போனான். வெயில் சாயாத நேரத்தில் அவன் வீட்டுக்குள் நுழைந்ததைக் கண்டு மனைவி தேவகி முறத்தை வைத்துவிட்டு எழுந்தாள்.

"உடம்பு சரியில்லையா?"

"வண்டிக்குத்தான். மூணு வாரம் ஓடாது."

அவள் மேலே கேட்காமல் சோறு போடப் போனாள். தட்டோடு திரும்பியபோது, அவன் காக்கிச் சட்டையைக்கூடக் கழற்றாமல் வெறும் தரையில் தூங்கிப்போயிருந்தான். தேவகி தட்டை மூடிவைத்தாள். வெளிச்சம் முகத்தில் விழாதபடி கதவை மெல்லச் சாத்தினாள்.