பெண்கள் பக்கத்துப் படங்கள்

ரிப்கா லெப்டொப்பைத் திறந்தாள். விண்டோஸ் வந்தது. சி டிரைவ் இருந்தது. படங்களைப் பூட்டி வைத்திருந்த டி டிரைவைக் காணவில்லை.

"டி எங்க, ஹுஸைன் நானா?"

மாமியின் மகன் ஹுஸைன், கட்டுகஸ்தோட்டையில் கணினி வகுப்பு நடத்துபவன், தேநீரை ஊதிக்கொண்டிருந்தான். விண்டோஸுக்குப் பக்கத்திலேயே லினக்ஸையும் போட்டுவிட்டால் இந்தப் பழைய பெட்டி பறக்கும் என்று சொல்லிக் காலையில் வந்தவன்.

"டிஸ்க்ல என்னண்டே தெரியாத பெரிய துண்டொண்டு கெடந்திச்சி. ஒண்டுமில்ல எண்டு அழிச்சிட்டு லினக்ஸ அதுல போட்டேன்."

"டியத் தொடவாணாம் எண்டு சொன்னேனே!"

"லினக்ஸ் போடக்கொள்ள டி எண்டு பேர் காட்டாது, தங்கச்சி. பாஸ்வேர்ட் போட்டுப் பூட்டினா உள்ளுக்கு என்ன ஈக்கிதெண்டு எப்பிடித் தெரியும்? பூட்டினது உங்கட பிழை."

கல்யாண வீடுகளில் பெண்கள் பக்கத்தைப் படமெடுப்பது ரிப்காவின் தொழில். வாசலிலேயே எல்லாருடைய போனையும் வாங்கி வைத்துவிடுவார்கள். உள்ளே அவளுடைய கமரா மட்டும்தான். முக்காடில்லாமல் சிரிக்கிற பெண்கள் அவளை நம்பித்தான் அதன்முன் நிற்பார்கள். ஆல்பம் கைக்கு வரும்வரை படங்களை ஓரிடத்தில் மட்டும், பூட்டித்தான் வைப்பேன் என்று ஒவ்வொரு மணப்பெண்ணுக்கும் வாக்குக் கொடுப்பாள். அது அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். அந்தப் பூட்டையா இவன் பிழை என்கிறான்? அவள் பக்கத்து அறையில்தானே லுஹர் தொழுதுகொண்டிருந்தாள். ஸலாம் கொடுத்துத் தொழுகையை முடிக்கும்வரை பொறுத்து ஒரு வார்த்தை கேட்டிருந்தால் இவனுக்கு என்ன குறைந்துபோகும்? தனக்குத் தெரியாததெல்லாம் ஒன்றுமில்லாததா?

"கொழும்புல ஒரு பொடியன் ஈக்கான். டிஸ்க்கையும் பாஸ்வேர்டையும் குடுத்தா கொஞ்சமாச்சும் எடுத்துத் தருவான்."

"அப்ப அவன் படத்தப் பாப்பானே?"

"பாக்காம எப்பிடி எடுக்கிற?"

ரிப்கா போனை எடுத்தாள். போன மாதம் கல்யாணம் முடித்த அக்குறணை றுமைஸாவை அழைத்தாள். ஆல்பத்துக்காகக் காத்திருப்பவள் அவள். நடந்ததையும், கொழும்புக்காரனைப் பற்றியும் ஒன்றும் மறைக்காமல் சொன்னாள். நெடுநேரம் அழுகைதான் கேட்டது.

"ராத்தா, பாஸ்வேர்ட மட்டும் ஒருத்தனுக்கும் குடுத்திராதீங்க."

மறுநாள் அஸர் தொழுகைக்குப் பிறகு றுமைஸா தன் தங்கச்சிமாரோடு அம்பிட்டிய மேட்டிலுள்ள ரிப்காவின் வீட்டுக்கு மூச்சிரைக்க ஏறி வந்தாள். கதவைச் சாத்தி, அபாயாவைக் கழற்றினாள். உள்ளே கல்யாணச் சாரி.

"எடுங்க. ஆனா சிரிக்கச் சொல்லவாணாம். எனக்கு இன்னும் கோவம்."

"எனக்கும்தான்" என்று ரிப்கா கமராவைத் தூக்கினாள். ஜன்னல் வெளிச்சத்தில் றுமைஸா வீங்கிய கண்களோடு நேராகப் பார்த்தாள். மடித்து வைத்த கைகளில் மருதாணி போயிருந்தது; நகங்களின் நுனியில் மட்டும் பிறைபோலச் சிவப்பு.